லினக்ஸ் மின்ட்: மஞ்சக்குப்பம் தட்டச்சுக் கடையில் ஆறு வருடம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. கடையில் இருந்தது மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். புது மெஷினுக்குக் கையில் காசு இல்லை. அந்த வாரமே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 19.3 என்ற இலவச இயங்குதளத்தை (ஓ.எஸ்.) போட்டேன். அப்புறம் பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி ஒன்று மாட்டினேன். இன்றைக்கும் அதே மெஷின்தான், இப்போது மின்ட் 21.

எனக்கு முதல் கவலை தமிழ். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவன், விரல் பழைய தட்டச்சு வரிசையில்தான் ஓடும். லினக்ஸில் பிறமொழி தட்டச்சுக்கு உதவும் ஐபஸ் என்ற மென்பொருளில் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்ததும் தட்டச்சு வரிசை, தமிழ்99 இரண்டுமே கிடைத்தன. பழைய ஃபைல்கள்தான் பாடாய்ப் படுத்தின. எல்லாம் வானவில், பாமினி என்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்தவை. எழுத்துருவை ஏற்றினால் படிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். ஆனால் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றினால் கொம்பு அங்கங்கே இடம் மாறி நிற்கும். பத்திரத்தில் ஒரு பெயர் பிசகினாலும் வம்பு. மூன்று மாதம் ராத்திரி உட்கார்ந்து வரிக்கு வரி சரிபார்த்தேன். அந்த உழைப்பு வீண்போகவில்லை. இப்போது என் ஃபைல்கள் எந்த ஓ.எஸ்.ஸிலும் திறக்கும்.

லேசர் பிரிண்டர் ஒன்று லினக்ஸ் டிரைவர் சரியாக அமையாமல் இரண்டு நாள் அலைக்கழித்தது. டாலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும், அதற்கென்று ஒரு பழைய லேப்டாப்பை அப்படியே வைத்திருக்கிறேன்.

வண்டிப்பாளையத்திலிருந்து வரும் மெக்கானிக் அண்ணனோடு இதில் எப்போதும் வாக்குவாதம்தான். "பின்னாடி கம்பெனியே இல்லாத சாமான். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாருகிட்ட போய் நிப்ப தம்பி?" என்பார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் சொல்லவே வருடக்கணக்கானது.

லினக்ஸுக்குப் பின்னாலும் கம்பெனி உண்டு. மின்ட் நிற்பது உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் மேல், உபுண்டுவை நடத்துவது கனோனிக்கல் என்ற கம்பெனி. 2012-இல் அவர்கள் உபுண்டுவின் தேடலில் அமேசான் பொருட்களைக் காட்டினார்கள். நாம் தேடுகிற சொல் வெளியே போகிறதே என்று பயனர்கள் கொதித்தார்கள். 16.04 வந்தபோது அதை நிறுத்தி வைத்தார்கள். பிறகு உபுண்டுவில் குரோமியம் பிரௌசர் கேட்டால், மென்பொருள் நிறுவ கனோனிக்கல் வைத்திருக்கும் ஸ்நாப் வழியாகத்தான் வரும் என்று ஆனது. 2020-இல் மின்ட் 20 ஸ்நாப்பைத் தடுத்தது, பிறகு குரோமியத்தைத் தானே கட்டிக் கொடுத்தது. நாளை உபுண்டுவே கைவிட்டாலும் தாங்க வேண்டும் என்று உபுண்டுவுக்கே அடிப்படையான டெபியன் லினக்ஸ் மேல் நேராக நிற்கும் எல்எம்டிஈ என்ற பதிப்பையும் பராமரிக்கிறார்கள். அண்ணனிடம் நான் சொல்வது இதைத்தான்: லினக்ஸின் மூல நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ள உரிமம் உண்டு, அதனால் கம்பெனி முடிவு பிடிக்காவிட்டால் பிரிந்துபோக இங்கே சட்டப்படி வழி இருக்கிறது.

விண்டோஸில் அது இல்லை. விண்டோஸ் 11 போட, மெஷினில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்று கேட்கிறது. இன்டெல் என்றால், ஒருசில சிப் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி சேர்த்துக்கொள்கிறது. நன்றாக ஓடுகிற மெஷினின் ஆயுளை அதை வாங்கியவர் தீர்மானிக்க முடியாதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. மற்றபடி கம்பெனிக்காக யாரும் கட்சி கட்ட வேண்டியதில்லை. 2001-இல் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். 2014-இல் அதே நாற்காலியில் உட்கார்ந்த சத்ய நாதெள்ளா லினக்ஸை நேசிக்கிறோம் என்றார்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. அப்போது பாதுகாப்பு அப்டேட்டுக்கு ஒரு வருட நீட்டிப்பு தந்தார்கள். பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இரண்டுதான்: பிரிண்டர் எது, டாலி வேண்டுமா? ரைஸ்மில் கணக்கு பார்க்கும் ஒருவரை, நீட்டிப்பு வாங்கிக்கொண்டு விண்டோஸிலேயே இருங்கள் என்று அனுப்பிவைத்தேன். டியூஷன் எடுக்கும் டீச்சர் அக்காவுக்கு மின்ட் போட்டுக் கொடுத்தேன். வினாத்தாள் எல்லாம் அதில்தான் அடிக்கிறார்.