மட்டக்களப்பின் தரைகளில் ஒரு டிரிஃப்ட் கார்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

டிரிஃப்ட், அதாவது வளைவில் காரைப் பக்கவாட்டாகச் சறுக்கவிட்டு ஓட்டுவதற்கென்று ஒரு றிமோட் கார் வாங்க நினைப்பவர்களில் பலர் முதலில் கேட்பது மோட்டரைப் பற்றித்தான். எத்தனை ரேர்ன் (மோட்டருக்குள் சுற்றிய கம்பிச் சுற்றுகளின் எண்), மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேள்விகள் நீளும். மட்டக்களப்பில் சில ஆண்டுகளாக ஒரே காரை வைத்து ஓட்டிவரும் எனக்கு, அந்தக் கேள்விக்குக் கடைசி இடந்தான் உரியது என்று படுகிறது. கார் எப்படிச் சறுக்கும் என்பதைத் தீர்மானிப்பவை தரையும் ரயரும். அதற்கு அடுத்தபடியாக முன்சில்லுகள் திரும்பும் விதமும், அவற்றைத் திருப்பும் சர்வோ என்னும் சிறு மோட்டரும், கார் திரும்புவதை உணர்ந்து அதைத் தள்ளும் ஜைரோவும். பணத்தையும் பொறுமையையும் இந்த வரிசையிலேயே செலவழிக்க வேண்டும் என்பது என் முடிவு.

என்னிடம் இருப்பது தைவானின் எம்.எஸ்.ரி. நிறுவனம் தயாரிக்கும் ஆர்.எம்.எக்ஸ். 2.0 எஸ். உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவு. பின்சில்லுகளால் மட்டும் ஓடுவது. மின்னணுப் பாகங்கள் இல்லாமல், நாமே பூட்டி முடிக்க வேண்டிய தொகுதியாக வருவது. கொழும்பில் ஒருவர் வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு, சர்வோ, ஜைரோ, மோட்டர், வேகக் கட்டுப்படுத்தி என்பவற்றைத் தனித்தனியே தேடிச் சேர்த்தேன். இதே வகுப்பில் ஜப்பானின் யொக்கோமோ வை.டி.-2, ஹொங்கொங்கின் 3ரேசிங் சகுரா டி5 ஆகியனவும் பெயர் பெற்றவை. கீழே சொல்வனவற்றில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். டமியா ரி.ரி.-02டி போன்ற நாற்சில்லு ஓட்டமுள்ள கார்களின் கணக்கு வேறு: அவற்றில் முன்சில்லுகளும் காரை இழுப்பதால் ஜைரோ இல்லாமலே பழகிவிடலாம், ஆனால் பின்சில்லுகள் முன்சில்லுகளைவிட வேகமாகச் சுழலும்படி பற்சக்கரங்களை மாற்றாதவரை, பின்சில்லு ஓட்டத்தின் ஆழமான கோணம் அவற்றுக்கு வாய்ப்பது கடினம்.

முதலில் தரை. டிரிஃப்ட் ரயர் என்பது இறப்பர் அன்று; வழுக்குவதற்கென்றே செய்யப்பட்ட கடினமான பிளாஸ்டிக் வளையம். எந்தப் பிளாஸ்டிக் என்பதைத் தரையே தீர்மானிக்கும் என்பதால், ஒரு நகரத்தில் ஒருவர் புகழ்ந்த ரயர் இன்னொரு நகரத்தில் பயனற்றுப் போவதில் வியப்பில்லை. மட்டக்களப்பில் நமக்குக் கிடைக்கும் தரைகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும். பழைய வீடுகளின் மெருகிட்ட சிமெந்துத் தரை, புதிய வீடுகளிலும் மண்டபங்களிலும் உள்ள மாபிள், உள்ளொழுங்கைகளுக்குப் போடப்பட்டிருக்கும் கொங்கிறீட், பிறகு தார். இவற்றுள் மெருகிட்ட சிமெந்துக்கு ஈடில்லை. பிடிப்பு குறைவு, ஆனால் தரை முழுவதும் ஒரே சீராக இருக்கும். ஒரு மூலையில் கற்ற கை அடுத்த மூலையிலும் செல்லுபடியாகும். மாபிளில் கல்லுக்குக் கல் இடையிலுள்ள கோடு ரயரின் விளிம்பைப் பிடித்து இழுக்கும். கற்கள் சற்று ஏற்ற இறக்கமாகப் பதிக்கப்பட்டிருந்தால் சறுக்கல் அந்த இடத்தில் அறுந்துபோகும். கொங்கிறீட் ஒழுங்கையில் கார் நன்றாகவே ஓடும், ஆனால் ரயர் அரைபட்டுத் தேயும். அங்கே மென்மையான வழுக்கு ரயரைப் போடுவது காசைத் தரையில் தேய்ப்பதற்குச் சமம்; கடினமான, மலிவான வளையமே போதும். தாரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: ஓட்டலாம், ரசிக்க முடியாது.

மலிவான வளையம் என்று சொன்னது, தண்ணீர்க் குழாய்க்குப் பாவிக்கும் 63 மில்லிமீற்றர் பீ.வீ.சீ. பைப்பிலிருந்து வெட்டுவதைத்தான். உலகெங்கும் தொடக்கக்காரர்கள் செய்யும் வழி இது. வளையத்தைச் சுடுநீரில் இட்டு இளக்கி, தேய்ந்த இறப்பர் ரயரின் மேல் இறுக்கமாக ஏற்றிவிட வேண்டும். கையால் அரிந்த வளையம் சரியான வட்டமாக அமையாது. வேகம் எடுத்ததும் கார் முழுவதும் அதிரும். காத்தான்குடியில் லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருக்கும் ஒரு காக்காவிடம் (முஸ்லிம் அண்ணர்களை இங்கே அப்படித்தான் அழைப்போம்) கொண்டுபோனேன். வளையத்தைச் சுழலவிட்டு மேற்பரப்பைச் சமன்செய்து, இரு விளிம்புகளையும் மெல்ல உருட்டித் தந்தார். “பைப்பு வெட்டணும் எண்டு வந்தீங்க தம்பி, இப்ப ரயர்க் கடையே போட வெச்சிட்டீங்க” என்றார். விளிம்பை உருட்டியது சிறிய வேலைதான். ஆனால் மாபிள் கோடுகளில் கார் தட்டுப்படுவது அதோடு வெகுவாகக் குறைந்தது. நான்கு சில்லுகளுக்கும் ஒரே வகை ரயர் என்பதைத் தொடக்கத்தில் விதியாகவே வைத்துக்கொள்வது நல்லது. முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று கலந்தால், பிறகு வரும் எந்தக் குறைக்கும் காரணம் ரயரா அமைப்பா என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

தரையைப் பற்றிப் பேசும்போது மணலை விட்டுவிட முடியாது. கடலோரமான கல்லடிப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: எத்தனை தடவை கூட்டினாலும் நுண்மணல் திரும்ப வந்துவிடும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் திறந்த மண்டபத்தின் தரையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் எப்போதும் இருக்கும். அந்தப் படலத்தின் மேல் ரயர் தரையைத் தொடுவதே இல்லை, மணலின் மேல் உருளுகிறது. அன்றைய சறுக்கலை வைத்து அமைப்பை மாற்றத் தொடங்கினால் மறுநாள் எல்லாம் பிழைத்துவிடும். ஆகவே, ஓட்டுவதற்கு முன் தும்புத்தடியால் கூட்டி, பிறகு ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்ட தரையில் மட்டுமே திருகாணிகளில் கைவைக்கிறேன். மாரி மழைக் காலத்தில் ஈரப்பதன் ஏறிய தரை இன்னும் வழுக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது முன்பகுதி. இதில்தான் நேரம் முழுவதும் போகிறது, போகவும் வேண்டும். டிரிஃப்டில் காரின் மூக்கு வளைவின் உட்புறம் நோக்கியிருக்க, முன்சில்லுகள் அதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி, கார் உண்மையில் போகும் திசையைப் பார்த்து நிற்கின்றன. ஆகவே சில்லு எவ்வளவு தூரம் திரும்ப முடிகிறதோ, அவ்வளவு கோணத்தில் கார் சறுக்க முடியும். சாதாரண ஓட்டக் காரில் 30 பாகை திரும்பினால் போதும். டிரிஃப்ட் காரில் 60 பாகைக்கு மேல் எதிர்பார்க்கிறோம். அந்த எல்லைவரை திரும்பும்போது ரயர், சில்லைத் தாங்கும் கீழ்க்கையிலோ உடற்கூட்டிலோ உரசுகிறதா என்று, காரைக் கையில் தூக்கி வைத்து இரு பக்கமும் பார்க்க வேண்டும். உரசினால் சர்வோ முனகிச் சூடேறும். இரண்டு சில்லுகளும் திரும்பும் கோணங்களுக்கு இடையிலான வித்தியாசமும் முக்கியமானது. வீதியில் ஓடும் கார்களில் உட்சில்லு கூடுதலாகத் திரும்பும்படி அமைத்திருப்பார்கள். எதிர்ப்பக்கம் முழுவதும் திருப்பிய நிலையில் அதே வித்தியாசம் டிரிஃப்ட் காருக்கு இருந்தால், ஒரு சில்லு தரையை உழுது காரை நிறுத்திவிடும். முழுத் திருப்பத்தில் இரண்டும் ஏறக்குறைய இணையாக நிற்கும்வரை ஸ்டியரிங் தண்டுகளின் பூட்டுத் துளையை மாற்றி மாற்றிப் பார்த்ததில், என் காரின் நடத்தை மற்ற எந்த மாற்றத்தாலும் மாறாத அளவுக்கு மாறியது.

கம்பர் (சில்லு உட்புறமோ வெளிப்புறமோ சாயும் அளவு), காஸ்ரர் (சில்லு திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) என்னும் சாய்வுகளுக்குப் பலர் பல எண்களைச் சொல்வார்கள். என் காரில் முன்சில்லுகளின் மேல்விளிம்பு 7 பாகை உட்சாய்ந்தும், பின்சில்லுகள் 2 பாகை உட்சாய்ந்தும் இருக்கின்றன. காஸ்ரர் 8 பாகை. இவை என் தரைக்கு உரியவை. மற்றவர்கள் எண்ணைக் கேட்பதைவிட ஒரு மார்க்கர் பேனாவை வாங்குவது பயன்தரும்: ரயரின் மேற்பரப்பில் குறுக்காக ஒரு கோடு இழுத்து, இரண்டு மூன்று சுற்று ஓட்டி, மை எந்த இடத்தில் அழிந்திருக்கிறது என்று பாருங்கள். உள்விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் சாய்வு கூடிவிட்டது. அகலத்தின் பெரும்பகுதியில் அழிந்திருந்தால் ரயர் வேலை செய்கிறது. இதைவிட நேர்மையான அளவுகருவியை நான் காணவில்லை.

ஜைரோவைப் பற்றிச் சிலருக்கு ஒரு கூச்சம் உண்டு. கார் தானாக ஓடுகிறது, அதில் என்ன திறமை என்பார்கள். பின்சில்லு ஓட்டமுள்ள காரின் வால் வெளியே போகத் தொடங்கியதும், கண் அதைக் கண்டு விரல் அசைவதற்குள் கார் முழுச் சுற்றுச் சுற்றிவிடும். காருக்குள் உட்காராத ஓட்டுநருக்கு, இருக்கையில் உணரக்கூடிய அந்த முதல் அசைவு கிடைப்பதில்லை; அந்த உணர்வின் இடத்தைத்தான் ஜைரோ நிரப்புகிறது. கார் எந்தப் பக்கம் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்று உணர்ந்து, எதிர்ப்பக்கமாகச் சர்வோவைத் தள்ளுவதே அதன் வேலை. பொருத்தியதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான்: காரைக் கையில் பிடித்து மூக்கை வலப்பக்கம் வெடுக்கென்று திருப்பினால், முன்சில்லுகள் இடப்பக்கம் திரும்ப வேண்டும். மாறித் திரும்பினால் ஜைரோவில் திசையை மாற்றாமல் தரையில் விடக்கூடாது. சுவிட்சைப் போட்ட பிறகு சில விநாடிகள் காரை அசைக்காமல் வைக்கவும் வேண்டும். பெரும்பாலான ஜைரோக்கள் அந்த நேரத்தில்தான் தம் நடுநிலையைக் கணித்துக்கொள்கின்றன.

கெயின், அதாவது ஜைரோ எவ்வளவு வலுவாகத் தலையிட வேண்டும் என்னும் அளவைக் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, நேர்கோட்டில் ஓடும்போது முன்சில்லுகள் நடுங்கத் தொடங்கும் இடத்தைக் கண்டு, அதிலிருந்து சற்றுக் கீழே இறக்கி நிறுத்துவது வழக்கமான முறை. நான் அதைவிடவும் கீழே வைத்திருக்கிறேன். கெயின் கூடினால் கார் சுற்றாது, உண்மை. ஆனால் நம் விரல் கேட்பதையும் ஜைரோ மறுக்கத் தொடங்குகிறது. ஒரு வளைவிலிருந்து எதிர்வளைவுக்குக் காரைப் புரட்டிப் போடும் கணத்தில் அந்த மறுப்பு நன்றாகவே தெரியும். நடுக்கம் சீக்கிரமே தொடங்கினால் குற்றம் ஜைரோவில் இல்லாமலும் இருக்கலாம். மெதுவான சர்வோவே அடிக்கடி காரணமாகிறது. 60 பாகையை 0.08 விநாடிக்குள் கடக்கும் சர்வோ இருந்தால் நல்லது. அதன் பலத்தைவிட அதன் விரைவே இங்கே பெரிது.

மோட்டருக்கு ஒரு பத்தி போதும். எனது 13.5 ரேர்ன், சென்சர் (சுழலும் நிலையை அறியும் உணரி) உள்ள பிரஷ்லெஸ் (தூரிகை இல்லாத) மோட்டர். ரேர்ன் எண் குறையக் குறைய வேகம் கூடும், 10.5-உம் பரவலாகப் பாவிக்கப்படுகிறது. மண்டப அளவு இடத்தில் நமக்கு வேண்டியது உச்ச வேகம் அன்று, விசையை மெல்லத் தொட்டால் மெல்லவே சுழலும் பணிவு. சென்சர் உள்ளதை வாங்கச் சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

பின்பகுதியில் எடையைப் பின்னுக்குத் தள்ளியதே பெரிய மாற்றம். சமையலறைத் தராசு இரண்டை ஒரே உயரத்தில் வைத்து, முன்சில்லுகளை ஒன்றிலும் பின்சில்லுகளை மற்றதிலும் நிறுத்தி எடை பார்க்கலாம். என் காரில் பற்றரியைப் பின்னே நகர்த்திய பிறகு, மொத்த எடையில் பாதிக்குச் சற்று மேலாகப் பின்சில்லுகளில் விழுகிறது. முடுக்கும்போது பின்பகுதி அமர்ந்து தரையைப் பற்றிக்கொள்வது அதனால்தான்.

இனித் தேய்மானம். உப்புக்காற்று இங்கே எல்லா இரும்பையும் தின்னும். 5-க்கு 10 மில்லிமீற்றர் போல்பெயாரிங்குகள் அதற்குத் தப்புவதில்லை. சில்லை விரலால் சுண்டிவிட்டால் கரகரவென்று சத்தம் வந்தால் துரு ஏறிவிட்டது என்று பொருள். ஓட்டிய பிறகு தூரிகையால் மணலைத் தட்டி, பெயாரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிய பெட்டியில் வைக்கத் தொடங்கியபின் அவற்றின் ஆயுள் கூடியிருக்கிறது. அடுத்ததாகத் தளர்வது ஸ்டியரிங் தண்டுகளின் பந்துமூட்டுகள். அவை பிளாஸ்டிக் என்பதால் தேய்ந்து ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தை ஜைரோ காரின் அசைவு என்று எடுத்துக்கொண்டு சில்லை நடுங்கச் செய்யும். அலுமினியப் பாகங்களுக்கு ஆசைப்படுமுன் இந்தச் சிறு பிளாஸ்டிக்குகளைப் புதிதாக்குவது பன்மடங்கு பலன்தரும். மினுங்குவதைத் தவிர அலுமினியத்தால் என் காருக்கு நேர்ந்த நன்மை எதையும் என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

பற்றரி இரண்டு செல் லிப்போ (லித்தியம் பொலிமர்), பெயரளவில் 7.4 வோல்ற், முழுமையாக ஏற்றினால் 8.4. தபாலில் லித்தியம் பற்றரி வரவழைப்பது சிரமம் என்பதால், மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வரும் உறவினர்களே பலருக்கு வழி. 5000 மில்லியம்பியர்மணி பற்றரி 37 வாற்மணி மட்டுமே. விமானங்களில் 100 வாற்மணிக்கு உட்பட்ட உதிரிப் பற்றரிகளைக் கைப்பொதியில் கொண்டுவரலாம், முனைகளை மட்டும் மூடியிருக்க வேண்டும். சரக்குப் பொதிக்குள் வைக்கக்கூடாது என்பதைக் கொண்டுவருபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முழுமையாக ஏற்றிய நிலையில் கோடை வெக்கையில் கிடந்தால் பற்றரி ஊதிவிடும். ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்றில் வைத்தால் நீடிக்கும்.

பாவித்த கார் ஒன்றை வாங்க எண்ணுபவர்கள், மேற்கூட்டின் நிறப்பூச்சைப் பார்த்து மயங்காமல், அதைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். முன்சில்லைப் பிடித்து ஆட்டினால் எவ்வளவு தளர்கிறது, அதிர்வைத் தாங்கும் சொக்கின் கீழே எண்ணெய் கசிந்த தடம் உண்டா, பெரிய பற்சக்கரத்தின் பற்கள் கூராகத் தேய்ந்திருக்கின்றனவா, பற்றரி தட்டையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள். ரயர் தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம். உங்கள் தரைக்கு எப்படியும் வேறு ரயர்தான் போடப் போகிறீர்கள்.