பழைய சென்ட்ரிங் பலகையில் சாரம்: ஏறுவதற்கு முன் சுரண்டிப் பாருங்கள்

ஒரு மாடி வீட்டின் வெளிப்பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூச மரச் சாரம் பேசினோம். பேசியது இரட்டை வரிசை. சுவரை நம்பாமல் இரண்டு வரிசைக் குத்துக்கம்புகளில் தானே நிற்பது. ஒப்பந்தக்காரர் கட்டியதோ ஒற்றை வரிசை. குறுக்குக்கம்புகளைச் செருகச் சுவரையே உடைத்துத் துளை போட்டுவிட்டார்கள். கம்பும் ஆள்கூலியும் மிச்சம் அவருக்கு. துளையைச் சரியாக அடைக்காவிட்டால் மழைநீர் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் இறங்கும்.

அதைவிட மோசம் பலகை. கான்கிரீட் வார்க்க அடியில் தாங்கக் கொடுக்கும் சென்ட்ரிங் பலகைதான், பழையது, சிமெண்ட் பால் அப்பியது, கனம் ஒரு அங்குலம்தான். தாங்குகிற கம்புகளுக்கு நடுவே ஆறடி இடைவெளி. ஒன்றைக் கரண்டியால் சுரண்டியதும் ஓரத்தில் ஒரு கணு, அதிலிருந்து குறுக்கே ஓடும் விரிசல். 38 மி.மீ. கனமுள்ள நல்ல பலகைக்கே 1.5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. சிமெண்ட் அப்பியதையும் பெயிண்ட் அடித்ததையும் ஏற்காதீர்கள், விரிசல் கண்ணில் படாது. பலகை முனை கம்பைத் தாண்டி 5 செ.மீ.யாவது நீட்டியிருக்க வேண்டும், 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. இங்கே ஒன்று ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நுனியில் கால் வைத்தால் மறுமுனை எழும்பி ஆளைக் கவிழ்த்துவிடும்.

சாரம் வெளியே சாயாமல் பிடிக்கக் கட்டியிருந்தது எதில் தெரியுமா? மழைநீர்க் குழாயில்! கிளாம்ப் திருகு சுவரைவிட்டு விரல் கனத்துக்கு வெளியே வந்திருந்தது. சுவரில் பதித்த போல்ட்டிலோ, சன்னல் திறப்புக்குள் இறுக முட்டுக்கொடுத்த கம்பிலோதான் கட்ட வேண்டும், நாலு மீட்டருக்கு ஒன்றாவது.

கம்புகள் பச்சை மரம், கட்டியது நனைந்த நார்க்கயிறு. காயக் காயக் கம்பு சுருங்கும், கயிறும் தளரும். முதல் நாள் இறுக்கமாக இருந்த முடிச்சுக்குள் மூன்றாம் நாள் விரல் நுழைந்தது. தினமும் வேலை தொடங்குமுன் கட்டுகளைப் பார்த்து ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். மழை பெய்தால் உடனே இன்னொரு முறை. குத்துக்கம்பின் அடியில் அரைச் செங்கல் வைத்திருந்தார்கள். இளகிய மண்ணில் அது புதைந்து ஒரு பக்கம் இறங்கும். இரண்டு மூன்று கம்புக்குப் பொதுவாகக் கனமான நீளப் பலகை போடச் சொல்லுங்கள். மூலைவிட்டக் கம்பும், இடுப்புயரக் கைப்பிடியும் அறவே இல்லை.

ஒப்பந்தக்காரரைக் கேட்டதற்கு, "எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்றார். ஒற்றை வரிசையா இரட்டையா, பலகைக் கனம் எவ்வளவு, துளை விழுந்தால் அடைப்பது யார், இந்த மூன்றையும் முன்பணம் கொடுக்குமுன் எழுதி வாங்குங்கள்.