அம்புக்குறியை மறைத்துவிட்டு மாட்டுங்கள்: ஒரு தனிம வரிசைச் சுவர்ப்படம்

சுவரில் மாட்டும் தனிம வரிசை அட்டவணைகள் பெரும்பாலும் வெறும் வண்ணக் கட்டங்கள்தான். குறியீடு, அணு எண், அணு நிறை, அவ்வளவே. பதினோராம் வகுப்புக்கு வேதியியல் நடத்தும் எனக்கு அது போதாது. இப்போது என் வகுப்பில் தொங்கும் படத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் அணு ஆரத்துக்கு ஏற்ற அளவில் ஒரு வட்டம் இருக்கிறது. கீழ் மூலையில் முதல் அயனியாக்கும் ஆற்றலும், அதாவது அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றலும், அச்சாகியிருக்கிறது. இந்த இரண்டுக்காகவே வாங்கலாம்.

முதல் தொகுதியில், அதாவது முதல் செங்குத்து வரிசையில், மேலிருந்து கீழே வாருங்கள். லித்தியம் 152 பிக்கோமீட்டர், சோடியம் 186, பொட்டாசியம் 227, சீசியம் 265 என்று வட்டம் பருத்துக்கொண்டே போகிறது. ஆற்றலோ மோலுக்கு 520, 496, 419, 376 கிலோஜூல் என்று இறங்குகிறது. எலக்ட்ரான் கூடுகள் கூடக் கூட வெளி எலக்ட்ரான் அணுக்கருவை விட்டு விலகுகிறது, பிடி தளர்கிறது. இதைப் பலகையில் எழுதி விளக்க வேண்டிய வேலை எனக்கு மிச்சமாகிறது.

ஆனால் படத்தின் உண்மையான மதிப்பு இரண்டாம் தொடரில், அதாவது இரண்டாம் கிடை வரிசையில்தான் தெரிகிறது. பெரிலியத்துக்கு 899, அடுத்த போரானுக்கு 801. நைட்ரஜனுக்கு 1402, அடுத்த ஆக்சிஜனுக்கு 1314. வலப்பக்கம் போகப் போகக் கருவின் ஈர்ப்பு கூடுவதால் ஏறிக்கொண்டே போக வேண்டிய எண் ஏன் இரண்டு இடத்தில் சறுக்குகிறது? போரானில் கடைசி எலக்ட்ரான் 2p என்னும் துணைக்கூட்டில் இருக்கிறது. பெரிலியத்தின் கடைசி எலக்ட்ரான் இருக்கும் 2s-ஐவிட ஆற்றல் மிகுந்த இடம் என்பதால் எளிதில் கழன்றுவிடும். நைட்ரஜனில் மூன்று p ஆர்பிட்டால்களில் (எலக்ட்ரான்கள் தங்கும் அறைகள்) ஆளுக்கு ஒன்றாக எலக்ட்ரான்கள் உட்கார்ந்திருக்க, ஆக்சிஜனின் நான்காவது p எலக்ட்ரான் ஏற்கெனவே ஒன்று இருக்கும் இடத்தில் ஒண்ட வேண்டியிருக்கிறது. விலக்கு விசை கூடுகிறது. நல்ல பாடமே இந்தச் சறுக்கல்களில்தான் இருக்கிறது.

அப்படியிருக்க, படத்தின் மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக ஒரு பெரிய சிவப்பு அம்பு, ‘அயனியாக்கும் ஆற்றல் அதிகரிக்கும்’ என்று! பிள்ளைகள் அம்பைத்தான் பார்க்கிறார்கள், எண்ணைப் பார்ப்பதில்லை. வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிட்டேன்.

இன்னொரு குறை கொஞ்சம் கடுமையானது. ஃப்ளூரினைவிட நியானின் வட்டம் இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாக இருக்கிறது. மற்ற அலோகங்களுக்குச் சகப்பிணைப்பு ஆரத்தை (பிணைந்த அணுக்களை வைத்து அளப்பது) போட்டவர்கள் நியான் போன்ற மந்த வாயுக்களுக்கு மட்டும் வாண்டர்வால்ஸ் ஆரத்தை (பிணையாமல் ஒட்டி நிற்கும் அணுக்களை வைத்து அளப்பது) போட்டிருக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள், ஒப்பிடவே கூடாது. அடிக்குறிப்பாக ஒரு வரி போட்டிருந்தால் போதும், அதுவும் இல்லை. ஹைட்ரஜனுக்கும் லித்தியம், சோடியம் போன்ற கார உலோகங்களின் நிறத்தையே பூசியிருக்கிறார்கள். தொகுதி 1-இல் நின்றாலும் அது வாயு, அலோகம். தனி நிறம் கொடுத்திருக்கலாம்.

அலுமினியமும் காலியமும் மட்டும் ஒரு வகுப்பு நேரத்தைத் தின்னும். ஒரு தொடர் கீழே வந்தும் காலியத்தின் வட்டம் பெரிதாகவில்லை, 143-இலிருந்து 135-க்குச் சற்றுச் சுருங்கியே இருக்கிறது. நடுவில் வந்து சேர்ந்த பத்து 3d எலக்ட்ரான்கள் கருவின் ஈர்ப்பைச் சரியாகத் திரையிட்டு மறைப்பதில்லை. சிர்கோனியம் 160, ஹாஃப்னியம் 159 என்பதும் இதே கதைதான், அங்கே குற்றவாளி, இடையில் வரும் லாந்தனைடு தனிமங்களில் நிரம்பும் 4f எலக்ட்ரான்கள். ஆனால் அந்த லாந்தனைடுகளைக் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் அடியில் தள்ளியிருப்பதால், அந்தச் சுருக்கத்தைக் காட்ட விரலை மேலும் கீழும் ஓட்ட வேண்டியிருக்கிறது.

தொகுதிகளுக்கு 1 முதல் 18 வரை புதிய எண்முறை, 118 தனிமங்களும் உண்டு, சரி. கண்டுபிடித்த ஆண்டு போட்டிருப்பது எனக்குப் பிடித்தது. ஜெர்மானியத்துக்கு 1886 என்று இருக்கிறது. தனிம வரிசை அட்டவணையை வகுத்த மெண்டலீவ் 1871-லேயே, அப்போது காலியாக இருந்த அந்த இடத்துக்கு அணு நிறை 72 என்று சொல்லிவிட்டார், கிடைத்தது 72.6. எலக்ட்ரான் நாட்டத்தையும் (அணு ஒரு எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவிடும் ஆற்றல்) சேர்த்திருந்தால் குளோரின் ஃப்ளூரினை முந்துவதையும் காட்டியிருக்கலாம்.

தாளில் பளபளப்புப் பூச்சு அதிகம். ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் பின்வரிசைக்கு வெளிச்சம்தான் தெரியும், எண்கள் தெரியாது. பக்கச் சுவரில் மாட்டுங்கள்.