அதலைக்காய்க்காகவே ஒருமுறை போகலாம்

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகிற வழியில், கரிசல் காட்டை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பின்னால் இருக்கும் நிலத்தில் அன்றைக்கு என்ன கிடைக்கிறதோ அதுதான் சமையல். நான் கும்பகோணத்துக்காரன், வேலை மாற்றலில் இந்தப் பக்கம் வந்தவன். கார்த்திகை மாதம் போனதால், இலையில் வைத்ததில் பாதி எனக்குப் புதுசு.

முதலில் அதலைக்காய். பாகல் குடும்பம்தான், ஆனால் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும், மேலே வரிவரியாக ஓடும். இதை யாரும் விதைப்பதில்லை. மண்ணுக்குள் கிழங்கு கிடப்பதால் மழை பெய்ததும் தானாகக் கொடி விட்டுவிடும். பறித்து வைத்தால் வெடித்துவிடும் என்பதால் வெளியூர்ச் சந்தைக்கு அதிகம் வருவதில்லை. இங்கே இரண்டு முனையையும் கிள்ளிவிட்டு, நிறையச் சின்ன வெங்காயம் போட்டு, நல்லெண்ணெயில் மொறுமொறுவென்று வதக்கியிருந்தார்கள். வெல்லமோ புளியோ போட்டுக் கசப்பை அமுக்கவில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். பரிமாறிய அக்கா, "வெறுமனே வாயில போடாதீங்க தம்பி, சோத்தோட பிசைஞ்சு சாப்பிடுங்க" என்றார். குதிரைவாலிச் சோறு, பருப்பு, நெய்யோடு பிசைந்து சாப்பிட்டேன். முதலில் சுள்ளென்று கசந்து, அப்புறம் வெங்காயத்தின் இனிப்பு மெதுவாக மேலே வந்தது. மறுசோறு கேட்டு வாங்கினேன்.

பண்ணைக்கீரை மசியலும் அருமை. மழைக்குப் பிறகு பயிருக்கு நடுவே களையாக முளைக்கிற கீரை இது. பூண்டும் சீரகமும் மட்டும் போட்டுக் கடைந்திருந்தார்கள். ரசம், மோர் இரண்டும் சுமார்.

மிதுக்கு வற்றலில்தான் எனக்கு வருத்தம். மிதுக்கு என்பது வெள்ளரி இனத்துச் சின்னக் காய்; அதை மோரில் ஊறப்போட்டுக் காயவைத்துப் பொரித்த வற்றல். கடிக்க நல்ல மொறுமொறுப்பு. ஆனால் உப்பு தூக்கலாக இருந்ததால் காயின் ருசியே தெரியவில்லை. இத்தனை அக்கறையோடு சமைக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இன்றைக்கு என்ன காய் என்று வாசலில் ஒரு பலகையில் எழுதிப் போட்டால் என்னைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கும் உதவியாக இருக்கும்.

மதியம் ஒரு மணிக்குள் போய்விடுங்கள். அதலைக்காயைக் கொஞ்சமாகத்தான் வதக்குகிறார்கள். எனக்குப் பின்னால் வந்த குடும்பத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைகளோடு போனால் கீரையும் பருப்பும் கேட்டு வாங்குங்கள், தாராளமாகவே வைக்கிறார்கள். மழை ஓய்ந்து கொடி காய்ந்துவிட்டால் அடுத்த வருஷம்தான்.