டோசிங் பம்ப், இரண்டு வருடம்: திரையில் 30, தொட்டியில் 26

பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டிக்குத் தினமும் கரைசலை அளந்து ஊற்றும் மூன்று தலை டோசிங் பம்ப் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கடலூர் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அதே வாரம்தான் இங்கே புதுச்சேரியில் என் பம்ப்புக்குக் குழாய் மாற்றி முடித்தேன். பதில் கொஞ்சம் சூடாக வந்தால் அதுதான் காரணம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சத்தமே இல்லை. இந்த உப்புக்காற்றிலும் மோட்டார் ஒரு நாள்கூட நின்றதில்லை. அடாப்டர் பின்னில் பச்சை பூத்தது, சுரண்டி வாசலின் தடவியதும் சரியாகிவிட்டது. கையால் ஊற்றும்போது காலைக்கும் மாலைக்கும் ஆடிக்கொண்டிருந்த கேஹெச் (தண்ணீரின் கார்பனேட் காரத்தன்மை) அடங்கியது, அக்ரோபோரா பவளத்தின் நுனிகள் வெள்ளை வைத்து வளர்ந்தன. இதெல்லாம் உண்மை.

ஆனால் திரையில் காட்டுகிற மில்லிலிட்டர் உண்மை இல்லை. உருளைகள் சிலிக்கோன் குழாயை நசுக்கி நசுக்கித்தான் திரவத்தைத் தள்ளுகின்றன. மாதங்கள் ஓட ஓடக் குழாய் தொய்ந்து, நசுங்கிய இடம் பழையபடி விரிவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே வரும் அளவு குறைகிறது. பம்ப்புக்கு அது தெரியாது, சுற்றுகளை எண்ணி 30 என்றே காட்டும்.

கணக்கைப் பாருங்கள். தொட்டி 200 லிட்டர். 1 லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் 100 கிராம் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) கரைத்த கரைசல். இந்தத் தொட்டியில் 1 டிகேஹெச் (கேஹெச்சை அளக்கும் அலகு) ஏற்ற அதில் சுமார் 38 மி.லி. வேண்டும். பவளங்கள் ஒரு நாளைக்கு 0.8 டிகேஹெச் எடுத்துக்கொள்வதால் தினம் 30 மி.லி. அது 26 ஆகச் சுருங்கினால் நாளுக்கு 0.1 குறையும், பத்தே நாளில் 8.5 இருந்தது 7.5 ஆகிவிடும். கால்சியம் சோதித்து இதைப் பிடிக்க முடியாது. 1 டிகேஹெச்சுக்குக் கால்சியம் 7 பிபிஎம்தான் இறங்கும். 420-க்கும் 413-க்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டு கிட் எதுவும் நம்பும்படி காட்டாது. கேஹெச்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

அடுத்த தப்பு இங்கேதான் நடக்கும். கேஹெச் இறங்கினால் பவளம் வளர்கிறது, பசி கூடிவிட்டது என்று நினைத்து 30-ஐ 35 ஆக்குவோம். அளவு சரியாக நிற்கும். பிறகு ஒரு நாள் புதுக் குழாய் போடுவோம். புதுக் குழாய் 35 என்றால் 35-ஐயே தள்ளும். நாளுக்கு 0.13 கூடும், எட்டு நாளில் 1 டிகேஹெச் ஏறும், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குறைவாக உள்ள தொட்டியில் எஸ்பிஎஸ் (அக்ரோபோரா போன்ற கல் பவளங்கள்) நுனி கருகும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. என் கோபமெல்லாம் அந்த ஒரு வரி இல்லாததன் மேல்தான்.

அளவு சரிபார்க்க 10 மி.லி. சிரிஞ்ச் போதாது, அரை மி.லி. தவறினாலே ஐந்து சதவீதம் போய்விடும். குழாயில் காற்று போகும்வரை ஓடவிட்டு, சாதா ஆர்ஓ தண்ணீரை 50 மி.லி. தள்ளச் சொல்லி, நகை எடை பார்க்கும் சின்னத் தராசில் எடை போடுங்கள். 50 கிராம் வர வேண்டும். கரைசலை வைத்து எடை போடாதீர்கள், அது தண்ணீரைவிடக் கனம். மாதம் ஒரு முறை இதைச் செய்ய வேண்டும்.

குழாய் நுனியையும் கவனிக்க வேண்டும். சோடா ஆஷ் சொட்டு தெறிக்கிற உப்புநீரைத் தொட்ட இடத்தில், வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்த மாதிரி ஒரு வெள்ளை வளையம் கட்டும். உள்பக்கம் ஊசித் துளை அளவுக்குக் குறுகி, சொட்டு பக்கவாட்டில் வழியும். நுனி தண்ணீருக்கு 3 செ.மீ. மேலே இருக்கட்டும், முங்கினால் சைஃபன் பிடிக்கும் ஆபத்தும் உண்டு. கால்சியம் கரைசல் வரும் குழாய் சம்ப்பின் (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) மறுகோடியில் இருக்கட்டும். வளையம் கட்டினால் வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள்.

மின்வெட்டு இன்னொரு வில்லங்கம். கரண்ட் போய் வந்தால் இதன் கடிகாரம் 00:00-இல் தொடங்கும். மழைக்காலத்தில் நாலு தடவை போய் வந்தால் நள்ளிரவு டோஸ் நாலு தடவை விழும், மாலை டோஸ் விழவே விழாது. 30 மி.லி.யை ஒரே வேளையாக வைக்காமல் பன்னிரண்டு வேளையாக, 2.5 மி.லி. வீதம் பிரித்தால் சேதம் குறையும். வைஃபை ரவுட்டருக்குப் போடுகிற 12 வோல்ட் மினி யுபிஎஸ் இதற்கும் பொருந்தும், ஆம்பியர் மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஆவியாகிப் போனதற்கு ஈடாக ஊற்றும் டாப்-அப் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு ஆர்ஓவில் ருசிக்காக வைத்திருக்கும் டிடிஎஸ் கன்ட்ரோலர் கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்துவிடும். அதிலுள்ள பைகார்பனேட் தினமும் சேர்ந்து கேஹெச் கணக்கைக் குழப்பும். வால்வை மூடி, மினரல் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, டிஐ ரெசின் (மிச்ச உப்பையும் பிடிக்கும் வடிகட்டி) சேர்த்து, டிடிஎஸ் மீட்டரில் 0 பாருங்கள். தொட்டிக்குக் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடல்நீர் எடுப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் எடுக்க வேண்டாம். கெடிலம் ஆற்று வெள்ளம் கலந்து உப்பு இறங்கியிருக்கும்.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், இன்றைய மனநிலையில் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். நண்பருக்கு: உங்களுடையது 100 லிட்டர், கல் எலும்புக்கூடு கட்டாத ஜோவாந்திட், மஷ்ரூம் பவளங்கள் மட்டும். இந்தப் பம்ப் உங்களுக்கு வேண்டாம். வாரம் ஒரு முறை கேஹெச் பாருங்கள். 1 டிகேஹெச் ஏற்ற 3 கிராம் ஆப்பசோடா போதும், பேக்கிங் பவுடர் அல்ல. ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, ஓட்டம் உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள், ஒரு நாளில் அதற்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், குழாய் மாற்றுகிற அன்றைக்கே பழைய அளவை அழித்துவிட்டு, எடை போட்டுப் புதிதாக அமையுங்கள். அடுத்த பத்து நாளும் தினம் ஒரே நேரத்தில் கேஹெச் பார்த்து எழுதி வையுங்கள்.