ஈர்ப்பு விசைப் பெட்டி: வாங்கலாம், நிலாவை மட்டும் மாற்றிவிடுங்கள்

அறிவியல் கண்காட்சிக்காகத் தர்மபுரியில் ஒரு ஸ்டேஷனரி கடையில் 1,200 ரூபாய்க்கு விற்கும் செய்முறைப் பெட்டி இது. உள்ளே 1 மீட்டர் விட்டமுள்ள மடக்கு வளையம், லைக்ரா துணி, 12 கிளிப், 5 செ.மீ., 4 செ.மீ. அளவில் இரண்டு இரும்புக் குண்டுகள், பத்து கோலிக்குண்டு, ஊசலுக்கு நூலும் குண்டும், ஒரு கையேடு. வளையத்தில் துணியை இழுத்து மாட்டி இரும்புக் குண்டை வைத்தால் பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் ஈர்ப்பு, அதைச் சுற்றி ஓடவிடும் கோலிதான் செயற்கைக்கோள்.

துணி நல்ல துணி. நாலாபக்கமும் ஒரே அளவில் இழுபடுகிறது. ஒரு பக்கம் மட்டும் இழுபட்டால் கோலி ஓடும் பாதை கோணிவிடும். கிளிப்தான் போதாது. வளையத்தின் சுற்றளவு 3.14 மீட்டர், 12 கிளிப்புக்கு இடைவெளி 26 செ.மீ. வருகிறது. இடையில் மடிப்பு விழுந்து கோலி அதில் தட்டி நிற்கும். இன்னும் 12 வாங்கி, ஒன்றுக்கு நேரெதிரே ஒன்றாக மாட்டிக்கொண்டு வாருங்கள். வரிசையாக மாட்டினால் துணி ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும்.

பெரிய குறை நிலா. 5 செ.மீ. குண்டு அரைக் கிலோ, 4 செ.மீ. குண்டு கால் கிலோ. இவற்றுக்குப் பூமி, நிலா என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். உண்மையில் பூமியின் நிறை நிலாவைப் போல 81 மடங்கு. அரைக் கிலோ பூமிக்கு 6 கிராம் நிலா போதும். ஒரு கோலிக்குண்டே கிட்டத்தட்ட அந்த எடைதான். அதைத் துணியில் வைத்தால் பள்ளம் விழுவதே தெரியாது. மாணவர்கள் பார்க்க வேண்டியதும் அதைத்தான்! 2023 ஜூலை 14 அன்று கிளம்பிய சந்திரயான்-3, பூமியின் ஆழமான பள்ளத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறவில்லை. ஐந்து கட்டமாகச் சுற்றுப்பாதையை 1.27 லட்சம் கி.மீ. வரை நீட்டி, ஆகஸ்ட் 1 அன்றுதான் நிலாவை நோக்கிப் பாய்ந்தது. ஆகஸ்ட் 5 அன்று நிலாவின் அருகே எஞ்சினை இயக்கி வேகத்தைக் குறைத்திராவிட்டால், அந்தச் சின்னப் பள்ளம் அதைப் பிடித்து வைத்திருக்காது. இன்னொன்று: பூமி 5 செ.மீ. என்றால் நிலா 1.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதனால் துணியில் வைத்துக் காட்டிய பிறகு, நிலாக் கோலியை வளையத்துக்கு வெளியே தனி ஸ்டூலில் வையுங்கள்.

துணியில் சுற்றும் கோலி சீக்கிரமே நடுவில் போய் விழும். காரணம் உராய்வு. இதைச் சொல்லாமல் விட்டால் செயற்கைக்கோள் எல்லாமே இப்படி விழும் என்று பிள்ளைகள் எழுதி வைப்பார்கள். தாழ்வாகச் சுற்றுபவற்றை மெல்லிய காற்று இழுப்பது உண்மை, உயரப் போகப் போக அந்த இழுப்பு இல்லை.

கையேட்டில் "விண்வெளியில் ஈர்ப்பு கிடையாது" என்ற வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 சதவீதம். நிலையமும் ஆட்களும் ஒன்றாக விழுந்துகொண்டே சுற்றுவதால்தான் மிதக்கிறார்கள்.

பெட்டியில் காசுக்கு ஈடான பொருள் ஊசல். நூலின் முடிச்சு வரை அளக்காமல், குண்டின் மையம் வரை சரியாக 1 மீட்டர் வையுங்கள், 1.5 செ.மீ. தவறினால் விடையும் 1.5 சதவீதம் தவறும். 10 டிகிரிக்கு மேல் இழுக்காமல் விட்டு, 20 அலைவுகளுக்கு (போய்த் திரும்பி வந்தால் ஒன்று) நேரம் பாருங்கள். 40 விநாடிக்குச் சற்று மேல் வந்தால் ஈர்ப்பு முடுக்கம், அதாவது விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் கூடும் அளவு, 9.8 மீ/வி². இதே ஊசல் நிலாவில் 20 அலைவுக்கு 99 விநாடி எடுக்கும்.