பில்லில் ஏறாத தள்ளுபடியை நம்பாதீர்கள்: சொகுசு கார் ஷோரூமில் நான் இழந்த 3,40,000 ரூபாய்

புதிதாக ஒரு சொகுசு ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கும்போது ஷோரூமில் எப்படிப் பேரம் பேச வேண்டும் என்பதை, காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து விரைவில் வண்டி எடுக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். பேசி முடித்துக் கைகொடுத்து ஒப்புக்கொண்ட 3,40,000 ரூபாய்த் தள்ளுபடியைத் தர முடியாது என்று இந்த வாரம் ஒரு ஷோரூம் எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டது. முழு விலையையும் வாங்கிக்கொண்டு, என் பழைய வண்டியையும் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு சொல்கிறார்கள். ஐரோப்பியச் சொகுசு கார்களை விற்கும் அதிகாரப்பூர்வ விற்பனை நிலையம், பெருநகரத்தில் இருப்பது என்பதற்கு மேல் அடையாளம் எதையும் எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் கூறியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

வண்டியின் எக்ஸ்-ஷோரூம் விலை 62 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம் என்பதால், சாலை வரி மட்டுமே 12 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. அதில் பேரம் பேச இடமில்லை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு விற்பவர் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்கும்போதே நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பதும் அப்படித்தான். ஆனால் அந்தத் தொகை நம் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழிந்துவிடும். விற்பனைப் பிரதிநிதி எனக்கு முதலில் நீட்டிய தாளில் ‘மொத்தப் பலன் 4,02,000 ரூபாய்’ என்று இருந்தது. வரி வரியாகப் பார்த்தபோது அதில் 62,000 ரூபாய் இந்த டிசிஎஸ்தான் என்பது தெரிந்தது. அரசாங்கத்தின் கணக்கில் எனக்காகக் கிடக்கும் பணத்தைத் தங்கள் சலுகையாக எழுதியிருந்தார்கள். அதேபோல, 2025 செப்டம்பர் 22-இல் இந்த வகை செடான்களுக்கான ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்த 48 சதவீதம், 40 சதவீதமாகக் குறைந்ததையும் தாங்களே மனமுவந்து விலையைக் குறைத்ததைப் போலப் பேசினார்கள். இரண்டையும் அடித்துவிட்டுத்தான் மேலே பேசுவேன் என்றேன்.

டிசிஎஸ்ஸைக் கழித்தபின் நின்றது 3,40,000 ரூபாய். பழைய வண்டியைக் கொடுப்பதற்கான எக்ஸ்சேஞ்ச் போனஸ் 1,50,000. முன்பே இதே நிறுவனத்தின் வண்டி வைத்திருந்ததற்காக 70,000. ஷோரூம் தன் பங்கிலிருந்து தரும் தள்ளுபடி 1,20,000. டிசம்பரில் எடுக்கும் வண்டியின் உற்பத்தி ஆண்டு 2025 என்றே காலம் முழுவதும் நிற்கும், சில வாரங்களில் அது ‘போன வருடத்து வண்டி’ ஆகிவிடும், மறுவிற்பனையில் அந்த இழப்பு எனக்குத்தான் என்று வாதாடி வாங்கிய 1,20,000 அது. இனாமாகக் கேட்கவில்லை. அந்தத் தொகைக்கும் ஒரு நிபந்தனை போட்டார்கள்: காப்பீட்டை அவர்கள் மூலமாகவே எடுக்க வேண்டுமாம். காப்பீட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது வாடிக்கையாளரின் உரிமை, ஷோரூம் வற்புறுத்தக் கூடாது என்பது அவர்களுக்கும் தெரியும். வெளியே கிடைத்த பிரீமியத்தைவிட அவர்களுடையது கூடுதலாக இருந்தும், தள்ளுபடி கையில் வந்தால் ஈடாகிவிடும் என்று ஒப்புக்கொண்டேன்.

வண்டியைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. சேசிஸ் எண்ணையும் உற்பத்தி மாதத்தையும் பணம் கட்டுமுன் சரிபார்த்தேன். நான்கு டயர்களிலும் உள்ள நான்கு இலக்கங்களை, முதல் இரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு என்று படித்துப் பார்த்தேன். இதை எழுதுவதற்குக் காரணம், இணையத்தில் எல்லாரும் சொல்லும் சோதனைகளை எல்லாம் செய்து முடித்த ஒருவனிடமிருந்தும் வேறொரு வாசல் வழியாகப் பணத்தை எடுத்துக்கொள்ள முடியும் என்பதுதான்.

அந்த வாசல் மேலாளரின் கண்ணாடி அறை. விலை படிந்துவிட்டது, தள்ளுபடியைக் கழித்து பில் போடுங்கள், உடனே ஆர்டிஜிஎஸ் அனுப்புகிறேன் என்று சொன்னபோது, விற்பனைப் பிரதிநிதி என்னையும் என் அப்பச்சியையும் (அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்) அங்கே அழைத்துச் சென்றார். பில்லில் தள்ளுபடியைக் காட்ட வரிச் சட்டத்தில் வழியில்லை, அதனால் முழுத் தொகைக்கு பில் போட்டு, டெலிவரிக்குப் பிறகு 3,40,000 ரூபாயையும் கிரெடிட் நோட்டாக உங்கள் வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிடுவோம், எல்லாருக்கும் இப்படித்தான் செய்கிறோம் என்றார் மேலாளர். அது பொய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விற்பனைக்கு முன்போ, விற்கும் நேரத்திலோ தரும் தள்ளுபடியை பில்லில் காட்டினால் அந்தத் தொகையை வரி விதிக்கும் மதிப்பில் சேர்க்க வேண்டியதில்லை என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆம் பிரிவே கூறுகிறது. 3,40,000 ரூபாய் குறைத்து பில் போட்டிருந்தால் அதற்குள் அடங்கிய ஏறத்தாழ 97,000 ரூபாய் வரியையும் நான் கட்டியிருக்க வேண்டாம்.

அப்பச்சி நாற்பது ஆண்டுகள் பேரேடு எழுதியவர். “அப்படியானால் இந்த மூன்று இனங்களையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் தம்பி” என்று கேட்டார். நான் அழைத்ததைக் கேட்டிருந்த அந்த மேலாளர் தானும், “அப்பச்சி” என்றே அவரை விளித்து, நெஞ்சில் கை வைத்து, “செட்டிநாட்டில் வாய்ச்சொல்லை நம்பி பர்மா வரைக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் நீங்கள், உங்களிடம் நான் தாளில் எழுதிக் கொடுத்தால் எனக்குத்தான் மரியாதைக் குறைவு” என்றார். தன் பூர்வீகம் புதுக்கோட்டைப் பக்கம் என்றும், பிள்ளையார்பட்டிக்கு மாதம் தவறாமல் வருவதாகவும் சொன்னார். பிறகு கொட்டேஷன் தாளின் பின்புறத்தில் மூன்று தொகைகளையும் எழுதிக் கூட்டி, 3,40,000 என்பதன் கீழே இரண்டு கோடு இழுத்துக் கொடுத்தார். கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, தேதி இல்லை. பர்மாவுக்குப் போனவர்கள் வாய்ச்சொல்லை மட்டும் நம்பிப் போகவில்லை. வரவையும் செலவையும் நாள்தோறும் எழுதி வைத்தவர்கள் அவர்கள். எங்கள் முன்னோரின் நாணயத்தைப் பற்றிப் பேசி எங்களையே வாயடைக்கச் செய்ததை நினைக்கும்போதுதான், பணம் போனதைவிட அதிகமாகக் கொதிக்கிறது.

காலமும் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. மார்கழி பிறந்துவிட்டால் வண்டி எடுக்க மாட்டோம். பிள்ளையார் நோன்புக்கு வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வருமுன் வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று ஆத்தா விரும்பினார். கார்த்திகைக்குள் டெலிவரி வேண்டும் என்பதை முதல் நாள் பேச்சிலேயே விற்பனைப் பிரதிநிதி கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகு எங்கள் ஒவ்வொரு கேள்விக்கும், “இன்று பணம் வந்தால்தான் சார் கார்த்திகைக்குள் முடியும்” என்பதே பதிலாக இருந்தது.

டெலிவரி அன்று மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். வண்டியை நேராகப் பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். அன்று இரவே பிரதிநிதி அழைத்தார். தயாரிப்பு நிறுவனத்திலிருந்து கருத்துக் கணிப்பு வரும், எல்லாக் கேள்விக்கும் பத்துக்குப் பத்து போடுங்கள், அது வந்தால்தான் உங்கள் கிரெடிட் நோட்டுக்கான ஃபைல் நகரும் என்றார். போட்டேன். அதற்குப் பிறகு அவராக என்னை அழைக்கவேயில்லை.

நான் அழைத்தபோதெல்லாம் கிடைத்த பதில்களை வரிசையாக எழுதுகிறேன். இதே சொற்கள் உங்கள் காதிலும் விழலாம். முதலில், “அக்கவுண்ட்ஸில் ஆண்டு இறுதிக் கணக்கு முடிக்கிறார்கள் சார், ஜனவரி முதல் வாரம் வந்துவிடும்.” பிறகு, “அப்ரூவல் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது.” பிறகு, “மேலாளர் பொங்கல் விடுப்பில் இருக்கிறார்.” பிறகு, வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய செய்திகளுக்கு இரண்டு நீலக் குறிகள் மட்டும். பொங்கல் கழிந்து வேறோர் எண்ணிலிருந்து அழைத்தபோது, அந்தப் பிரதிநிதி வேலையை விட்டுப் போய்விட்டார், அவர் என்ன பேசினார் என்பது எங்களுக்குத் தெரியாது என்றார் புதிதாக வந்தவர். கணக்குப் பிரிவில் பேசிய பெண் மிகவும் பணிவாக, “எங்கள் சிஸ்டத்தில் உங்கள் பெயரில் கொடுக்க வேண்டிய தொகை எதுவும் இல்லை சார்” என்றார். இல்லை என்றால் எங்கே போனது 3,40,000 ரூபாய் என்று கேட்டேன். தொடர்பிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்ப வரவில்லை.

நேரில் போனேன். அதே கண்ணாடி அறை, அதே மேலாளர். இந்த முறை அப்பச்சி என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. இலவசமாகக் கொடுத்ததாக பில்லில் இருந்த கால்மிதி விரிப்புகளையும் கதவு விளக்குகளையும் காட்டி, அவையும் தள்ளுபடியில் சேர்ந்தவைதான் என்றார். எக்ஸ்சேஞ்ச் போனஸைப் பற்றிக் கேட்டதற்கு, பழைய வண்டி இன்னும் பெயர் மாறவில்லை, மாறினால்தான் போனஸ் என்றார். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் புக்கிங் அன்றே கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். மாற்ற வேண்டியவர்களும் அவர்களே. இதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. என் பழைய வண்டி எந்த ஊரில், யார் கையில் ஓடுகிறது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

கடைசியாகக் கொட்டேஷன் தாளின் பின்புறத்தை மேசைமேல் வைத்தேன். தன் கையெழுத்தில் இருந்த எண்களை அவர் பார்த்தார். பிறகு புக்கிங் படிவத்தை எடுத்து, பொடி எழுத்தில் இருந்த ஒரு நிபந்தனையை விரலால் காட்டினார்: நிறுவனத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாத வாய்மொழி உறுதிகள் எவையும் செல்லாது. எழுதிக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று சொன்ன அதே மனிதர், எழுதித் தரவில்லையே என்று எங்களிடமே காட்டினார். இந்த வாரம் வந்த தொலைபேசி அழைப்பும் அதைத்தான் சொன்னது.

தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் எழுதினேன். தள்ளுபடி என்பது விற்பனையாளருக்கும் உங்களுக்கும் இடையிலான விஷயம், அதில் நாங்கள் தலையிடுவதில்லை என்று பதில் வந்தது. கருத்துக் கணிப்பில் நீங்கள் முழுத் திருப்தி தெரிவித்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். பத்துக்குப் பத்து எதற்காகக் கேட்கப்பட்டது என்பது அப்போதுதான் முழுதாக விளங்கியது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்று நினைத்திருந்தேன்; வழக்கறிஞர் மறுத்துவிட்டார். எவ்வளவு இழந்தோம் என்பதை வைத்து அல்ல, பொருளுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை வைத்துத்தான் எந்த ஆணையம் என்பது முடிவாகிறது. 50 லட்சம் வரைதான் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், எங்களுக்கு அதன் மதுரைக் கிளை. கேட்பது 3,40,000 ரூபாய் என்றாலும் கொடுத்த விலை 62 லட்சம் என்பதால் மதுரைக்குத்தான் போக வேண்டும். வழக்குப் போட இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் நாம் சலித்துவிடுவோம் என்று எண்ணித்தான் இவர்கள் இழுத்தடிக்கிறார்கள்.

வண்டி எடுக்கப் போகிறவர்களுக்கு இப்போது சொல்ல முடிந்தவை இவைதான். தள்ளுபடி எவ்வளவாக இருந்தாலும் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். டெலிவரிக்குப் பிறகு என்று எதைச் சொன்னாலும், நிறுவனத்தின் மின்னஞ்சலில் தொகையும் தேதியும் போட்டு வரும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். உங்கள் நல்ல நாள் எது என்று விற்பவரிடம் சொல்லாதீர்கள். பழைய வண்டியைக் கொடுத்தால், ஒப்படைத்த தேதியும் நேரமும் குறித்த ரசீதை அன்றே வாங்குங்கள். பேசிய பணம் முழுவதும் வரும்வரை கருத்துக் கணிப்புக்குப் பதில் போடாதீர்கள். புக்கிங் படிவத்தின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். காப்பீட்டுக்கு வெளியே விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிதி வசதி, கூடுதல் வாரன்டி பற்றியெல்லாம் எழுத நினைத்திருந்தேன். வக்கீல் நோட்டீஸின் வரைவைப் பார்க்க மாலைக்குள் சிவகங்கைக்குப் போயாக வேண்டும் என்பதால் இதோடு நிறுத்துகிறேன்.